கடல் நடந்து வருகிறது, கணக்கு எங்கே?

மீஞ்சூர்ப் பக்கத்துக் கழனிகளில் ஒரு படையெடுப்பு நடந்திருக்கிறது. முரசு முழங்கவில்லை, கொடி தெரியவில்லை, கோட்டைக் கதவை எவரும் தட்டவுமில்லை. ஆயினும் அந்தப் படை உள்நாட்டை நோக்கிக் கல் கல்லாக முன்னேறி வந்தது. வந்தவன் அயல்நாட்டு மன்னன் அல்லன், வங்கக் கடல்! மண்ணுக்கு மேலே அலையாகச் சீறி வந்தால் கரை கட்டலாம். மேட்டில் ஏறி உயிர் பிழைக்கலாம். மண்ணுக்குக் கீழே, மணலின் இடுக்குகளில் ஊர்ந்து வருகிற கடலை யார் பார்ப்பது? கிணற்று நீரை நாவில் வைத்த உழவன்தான் முதலில் பார்த்தான். நேற்றுவரை இனித்த நீர் கரித்தது. நாற்றங்கால் மஞ்சளித்தது. அவன் வானத்தைப் பார்த்தான், விதியை நொந்தான். விதி அல்ல தோழர்களே, அது வினை! நாம் செய்த வினை!

அந்த வினையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1966 முதல் 1969 வரை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு சென்னைக்கு வடக்கே நிலத்தடி நீரைத் தேடினார்கள். ஆரணியாறும் கொசத்தலையாறும் பாய்ந்து, மணலையும் கூழாங்கல்லையும் அடுக்கடுக்காய்ப் படிய வைத்த வடிநிலம் அது. ஒரு காலத்தில் பாலாறே இந்த வழியில்தான் ஓடியது என்று நிலவியல் அறிஞர் கருதுவர். அந்தப் பழைய ஆற்று மணலுக்குள் பல தலைமுறைகளின் மழை சேமித்து வைக்கப்பட்டிருந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் எழுந்தன. பின்னாளில் பூண்டியும் கன்னிகைப்பேரும் அவற்றோடு சேர்ந்தன. குழாய்கள் தெற்கு நோக்கிப் புறப்பட்டன. சென்னை குடித்தது, எண்ணூர், மணலித் தொழிற்சாலைகள் குடித்தன, கழனியும் குடித்தது. எல்லோரும் குடித்தார்கள், எவரும் அளக்கவில்லை.

விளைவு என்ன? 1969 வாக்கில் மீஞ்சூர்ப் பகுதியில் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உப்பு நீரின் எல்லை, 1980-களில் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு உள்ளே வந்துவிட்டது. அதற்குப் பின் நடந்த ஆய்வுகள் அது பத்துக் கிலோமீட்டரையும் கடந்துவிட்டதைக் காட்டின. பெற்ற நாட்டை இழந்தால் போரிட்டு மீட்கலாம். இழந்த நன்னீரை மீட்க மழையும் வேண்டும், மதியும் வேண்டும், பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும்.

கடல் ஏன் வருகிறது? இதில் மாயம் எதுவும் இல்லை. நன்னீர் எடை குறைந்தது. கடல் நீர் எடை மிகுந்தது. ஆகவே கரையோர மணலில் நன்னீர், உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்திற்கு மேலே 1 மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பைத் தள்ளி நிறுத்தும். ஒன்றுக்கு நாற்பது! இயற்கை நமக்குத் தந்த காவல் அது. ஆனால் அந்தக் கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும் அல்லவா? மேலே ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், கீழே நாற்பது மீட்டர்க் காவல் கலைகிறது. நன்னீர் மட்டமே கடல் மட்டத்திற்குக் கீழே இறங்கிவிட்டாலோ, காவலரே கதவைத் திறந்து கடலை உள்ளே அழைத்ததாகிறது. மீஞ்சூரில் நடந்தது அதுவே.

சென்னை மக்கள்மீது பழிபோட இதை எழுதவில்லை. தலைநகரின் தாகம் பழைய தாகம். 1772-இல் ஏழு கிணற்றைத் தோண்டிக் கோட்டைக்கு நீர் கொண்டுபோன நாள் தொட்டு, 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்ட நாள் வரை, நகரம் வளர வளர அதன் கை வடக்கும் மேற்கும் நீண்டுகொண்டே வந்தது. மூட்டை தூக்குகிற தொழிலாளிக்கும், குடிசையில் குடத்தோடு காத்திருக்கிற தாய்க்கும் நீர் வேண்டாமா? வேண்டும். 2015-இல் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வரவழைத்துக் குடித்தது. இடைவெளி நான்கே ஆண்டு! வந்த நீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, வராத நீரை வண்டியில் ஏற்றிவந்த கதையை எண்ணினால் சிரிப்பதா, அழுவதா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மீஞ்சூரில் மண்ணுக்கடியில் இருந்த இனிய நீரை உப்பாக்கினோம். பிறகு அதே மீஞ்சூரின் பெயரால், காட்டுப்பள்ளிக் கடற்கரையில், கடலின் உப்பை நீக்கி நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் ஆலையை 2010-இல் திறந்தோம். ஆலை தேவைதான், அதனைக் குறை கூறவில்லை. ஆனால் மழை இலவசமாக நிரப்பிக் கொடுத்த களஞ்சியத்தைப் பாழாக்கிவிட்டு, மின்சாரத்தைக் கொட்டிக் கடலைக் குடிநீராக்குகிற நிலைக்கு வந்தோமே, அந்தக் கணக்கை எந்த ஏட்டில் எழுதினோம்?

இப்போது வடக்கே பாருங்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் வாயிலாக நிற்கிறது கும்மிடிப்பூண்டி. 1971-இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. இரும்பு உருக்குகிறார்கள், வேதிப் பொருள் செய்கிறார்கள். தேர்வாய்க்கண்டிகையிலும் தொழிற்பூங்கா எழுந்தது. அதற்கு அணித்தே கண்ணன்கோட்டை – தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டது. தொழில் வளரட்டும்! ஆலைச் சங்கு ஊதினால்தான் ஆயிரம் அடுப்புகள் எரியும் என்பதை அறியாதவர் அல்லர் நாம். ஆனால் ஆலைக்கும் நீர் வேண்டும். ஆலை கழித்த நீருக்குப் போக்கிடமும் வேண்டும். ஆலையைச் சுற்றி நெல்லும் வேர்க்கடலையும் விளைகின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரி; அதை நம்பி மீனவர் குப்பங்கள். மேலே பார்த்தால் இவையெல்லாம் தனித்தனி. கீழே போய்ப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே நீர்.

அந்தக் 'கீழே'யைப் பார்க்க வழி உண்டா என்பதே இன்றைய கேள்வி. உண்டு. அறிவியல் அந்தக் கண்ணை நமக்குத் தந்திருக்கிறது. புவியியல் தகவல் முறைமை என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். அந்நாளில் ஊர்க் கர்ணத்தின் வீட்டில் புலப்படம் ஒன்று இருக்கும். அடங்கல் ஒன்று இருக்கும். எந்தப் புலம் எங்கே என்பதைப் படம் சொல்லும். அதில் என்ன பயிர், எந்தப் பாசனம் என்பதை அடங்கல் சொல்லும். படத்தையும் ஏட்டையும் ஒன்றாகப் பிணைத்தால் என்ன கிடைக்குமோ, அதுதான் இந்த முறைமையின் உயிர்.

மெல்லிய தாளில் ஊர் எல்லைகளை வரையுங்கள். அதன்மேல் இன்னொரு தாளில் ஏரிகளும் ஆறுகளும். அடுத்த தாளில் எங்கே மணல், எங்கே களிமண், எத்தனை அடி ஆழத்தில் பாறை என்பது. அடுத்ததில் கிணறுகளும் அவற்றின் நீர்மட்டமும். அதற்கும் மேலே மழையளவு. அதற்கும் மேலே ஆலைகள். எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால், தனித்தனியே தெரியாத உண்மை சேர்ந்து தெரியும். எந்த மணல் மேட்டில் மழை எளிதில் இறங்குகிறது, அந்த மேட்டின்மேல் எந்தக் கட்டடம் எழுகிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். கனடா நாட்டில் 1960-களில் நிலவளத்தைக் கணக்கெடுக்கப் பிறந்த இந்த முறை, இன்று உலகெங்கும் கணிப்பொறியில் இயங்குகிறது.

படம் கிடைத்தால் போதாது. படம் நகர வேண்டும். அதற்குத்தான் நிலத்தடி நீர் மாதிரி. ஆரணியாறு – கொசத்தலையாறு வடிநிலத்தைச் சதுரங்கப் பலகைபோல் ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். மண்ணுக்குக் கீழே அடுக்கு அடுக்காகவும் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு குடும்பம். அதற்கு வரவு உண்டு, செலவு உண்டு. மழையும், ஏரிக்கசிவும், ஆற்றுக்கசிவும், பக்கத்துக் கட்டத்திலிருந்து வரும் ஊற்றும் வரவு. இறைப்பும், மரம் உறிஞ்சுவதும், அடுத்த கட்டத்திற்கோ கடலுக்கோ ஓடுவதும் செலவு. ஒரு கட்டத்திலிருந்து மறு கட்டத்திற்கு எவ்வளவு ஓடும் என்பதற்கு 1856-இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரை விட்டுக் கண்ட விதியே இன்றும் வழிகாட்டி. சரிவு மிகுந்தால் ஓட்டம் மிகும். மணல் பருமனானால் ஓட்டம் எளிதாகும்.

இந்தக் கணக்கை முதலில் கடந்த காலத்திற்குப் போட்டுப் பார்ப்பார்கள். நடந்து முடிந்த ஆண்டுகளில் கிணறுகளில் உண்மையாகவே அளந்த மட்டமும், கணிப்பொறி சொல்லுகிற மட்டமும் ஒத்துவருகின்றனவா? ஒத்துவராவிட்டால் திருத்துவார்கள். ஒத்துவந்த பிறகே எதிர்காலத்தைக் கேட்பார்கள். கும்மிடிப்பூண்டியில் இன்னும் இருபது ஆலைகள் ஆழ்துளைக் கிணறு போட்டால் பழவேற்காட்டுப் பக்கம் என்ன ஆகும்? கொசத்தலையாற்றில் ஒரு தடுப்பணை கட்டினால் உப்பு எல்லை எத்தனை ஆண்டில் எவ்வளவு பின்வாங்கும்? ஓரிடத்தில் நஞ்சு கசிந்தால் அது எந்த ஊர்க் கிணற்றை எப்போது அடையும்? இவற்றுக்கெல்லாம் விடை தேட முடியும். அதுவும் கிணறு கெடுவதற்கு முன்பே தேட முடியும். உயிரை விட்ட பிறகு நாடி பார்ப்பதற்கும், உடல் நலமாயிருக்கும்போதே நாடி பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பதன்று. கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலவியல் அறிஞர்கள் இந்த வடிநிலத்திற்கே மாதிரிகளை உருவாக்கி, கடல் நீர் ஊடுருவலைப் பற்றியும் தடுப்பணைகளின் பயனைப் பற்றியும் ஆய்வேடுகள் எழுதியிருக்கிறார்கள். தரமணியில் மாநில நிலத்தடி நீர் விவர மையம் இருக்கிறது. பூண்டியில் நீரியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2012 முதல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் நீர்தாங்கிப் படங்களை வரைந்தது. ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தோடு சேர்ந்து, நிலத்தடி நீர்க் கணக்கையே படத்தோடு பிணைத்த கணிப்பொறி முறையையும் அமைத்தது. அறிவு இல்லை என்று சொல்ல வழியில்லை. படம் இருக்கிறது, மாதிரி இருக்கிறது, மதியும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான். அந்த அறிவு ஆணையாக மாறவில்லை!

இலண்டன் நகரில் 1854-இல் காலரா பரவியது. ஜான் சுனோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளைத் தெருப் படத்தில் குறித்தார். புள்ளிகளெல்லாம் பிராட் தெருவின் தண்ணீர்க் குழாயைச் சுற்றி மொய்த்து நின்றன. கண்டதை அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்னார்; குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது அழகினால் அன்று, கைப்பிடி கழன்றதனால்! நாம் வரைகிற படங்களால் இதுவரை எந்தக் கைப்பிடி கழன்றது? எந்த ஆலையின் அனுமதி மாற்றி எழுதப்பட்டது? எந்த மணற்குவாரி மூடப்பட்டது? நாடாள்வோர் நெஞ்சைத் தொட்டு விடை சொல்லட்டும்.

கணக்கெடுக்கவில்லையா என்று கேட்பார்கள். எடுக்கிறார்கள். தமிழகத்தில் பகுதி பகுதியாக நிலத்தடி நீரைக் கணக்கிட்டு, பாதுகாப்பானது, பாதி நெருக்கடி, நெருக்கடி, அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டது என்று முத்திரை குத்துகிறார்கள். நல்ல பணி. ஆயினும் அந்தப் பகுதியின் எல்லை ஆட்சித் துறை போட்ட கோடு. நீருக்கு அந்தக் கோடு தெரியாது. ஒரே பகுதியின் மேற்கு மூலையில் நன்னீர் இருக்கும். கிழக்கு மூலையில் உப்பு ஏறிக்கொண்டிருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி கண்டால் ஆபத்து மறைந்துவிடும். ஆற்றின் சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி இறங்கியவன் மடுவில் மூழ்கிய கதைதான். ஆரணியாறு ஆந்திர மண்ணில் பிறந்து நம் மண்ணில் கடல் சேர்கிறது. மேலே அவர்கள் தேக்குவதும் இறைப்பதும் கீழே நம் கணக்கை மாற்றும். ஆகவே இரு மாநிலப் புள்ளிகளும் ஒரே படத்தில் வராதவரை அந்தப் படம் ஒற்றைக்கண் படமே.

இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மாதிரி என்பது மந்திரக் கோல் அன்று. போட்டதைத்தான் அது திருப்பித் தரும். மழையை அளக்கிறோம், ஏரியை அளக்கிறோம், ஆனால் இறைப்பை? இரவெல்லாம் ஓடுகிற ஆழ்துளைக் கிணறும், விடியுமுன் நிரம்பிப் போகிற தண்ணீர் லாரியும் ஊகமாகவே கணக்கில் ஏறுகின்றன. செலவை மறைத்த குடும்பக் கணக்கு எந்நாளும் நேராகாது. மீட்டர் என்றதும் உழவன் அஞ்சுகிறான்; இலவச மின்சாரத்தைப் பறிக்கும் சூழ்ச்சியோ என்று ஐயுறுகிறான். அந்த ஐயம் நியாயமானது. ஆகவே அளவுகோல் முதலில் ஏழையின் கிணற்றில் இறங்கக்கூடாது. ஆலையின் கிணற்றில் இறங்கட்டும். நீர் வணிகரின் கிணற்றில் இறங்கட்டும். வாரியத்தின் கிணற்றில் இறங்கட்டும். உழவனின் கிணற்றில் கட்டணம் இல்லை என்ற எழுத்துறுதியோடு, அவன் இசைவோடு, கடைசியாக வரட்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. "கணிப்பொறி சொல்லிவிட்டது" என்ற சொல் நாளை புதிய வேதவாக்காக ஆகிவிடக்கூடும். எண்களைப் போட்டவன் யார்? எதை விட்டான்? எந்த ஆண்டு மழையை எடுத்தான்? இவற்றைக் கேட்க மக்களுக்கு வழியில்லை என்றால், முன்பு சாத்திரத்தைக் காட்டி வாயடைத்தவர்கள் இப்போது வண்ணப் படத்தைக் காட்டி வாயடைப்பார்கள். ஆகவே படம் தமிழில் வேண்டும்; ஊராட்சி அலுவலகச் சுவரில் வேண்டும். கிராம சபையில் ஓர் உழத்தி எழுந்து நின்று, "என் கிணற்று மட்டம் இதுவல்லவே" என்று சொன்னால், அந்தச் சொல் மாதிரியைத் திருத்த வேண்டும். அறிஞரின் கணக்கும் அனுபவத்தின் சாட்சியும் கைகோக்கும் இடத்தில்தான் உண்மை பிறக்கும்.

சட்டத்தின் கதையோ தனிக்கதை. 1882-இல் வெள்ளையர் ஆட்சியில் எழுதிய வசதி உரிமைச் சட்டத்தின் வழியில், நிலம் யாருடையதோ அவர் அடியில் உள்ள நீரை இறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேரூன்றியது. ஆழமான கிணறு போடப் பணம் உள்ளவன் பக்கத்துக்காரனின் நீரையும் உறிஞ்சலாம் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். 1987-இல் சென்னைப் பகுதிக்கும் அதைச் சார்ந்த சில ஊர்களுக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2003-இல் மாநிலம் முழுமைக்கும் ஒரு சட்டம் இயற்றினார்கள்; அது நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது. பிறந்த குழந்தை கண் திறக்குமுன் புதைக்கப்பட்டது! தண்ணீர், அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அது உரிமை, அதனாலேயே அது பொறுப்பும்கூட.

ஆகவே நாம் கேட்பவை இவை. கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரின் வேறெந்தத் தொழிற்பகுதியிலோ புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி தருமுன், அந்த இறைப்பை வடிநில மாதிரியில் போட்டுப் பார்த்து, விளைவை மக்கள்முன் வைக்க வேண்டும். படம் எங்கே நீர் நன்றாக இறங்கும் என்று காட்டுகிறதோ, அந்த ஆற்று மணலையும் ஏரியையும் தொடக்கூடாத நிலம் என்று அறிவிக்க வேண்டும். உப்பு எல்லைக்கு மேற்கே தடுப்பணைகளும் செறிவூட்டும் குளங்களும் அமைய வேண்டும். அவை ஒப்பந்தக்காரர் விரும்பும் இடத்தில் அல்ல, மாதிரி காட்டும் இடத்தில் அமைய வேண்டும். 2019-இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நகரக் கழிவுநீரைத் தூய்மை செய்து, நாளொன்றுக்கு ஒவ்வொன்றும் 4.5 கோடி லிட்டர் ஆலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் எழுந்தன. அந்த வழி கும்மிடிப்பூண்டிக்கும் நீளட்டும். குடிக்கத் தகுந்த நீரில் இரும்பைக் குளிர்விப்பது அறிவுடைமை ஆகுமா?

"இப்படியெல்லாம் தடை போட்டால் தொழில் வருமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் அமைதியாகச் சொல்லுவோம்: தடை போட்டது நாம் அல்லர், உப்பு! கிணறு உப்பானால் உழவன் மட்டும் ஊரை விட்டுப் போவதில்லை; கொதிகலனும் துருப்பிடிக்கும், ஆலையும் வேறிடம் தேடும். முதலாளிக்கு வேறு மாநிலம் உண்டு, வேறு நாடும் உண்டு. மீஞ்சூர் உழவனுக்கும் பழவேற்காட்டு மீனவனுக்கும் இந்த மண்ணை விட்டால் எது உண்டு? அளவறிந்து நீரைப் பகிர்வதே தொழிலுக்கும் நெடுங்கால முதலீடு.

நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலிபோல் வெட்டி, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிய வைத்தார்கள். கணிப்பொறி இன்றியே நிலத்தின் சரிவை அவர்கள் கண்ணால் படித்தார்கள். அவர்கள் மேலே பார்த்ததைக் கீழேயும் பார்க்கும் கருவி நமக்குக் கிடைத்திருக்கிறது. கருவி பெரிது, அதைப் பிடித்த கை நேர்மையானதா என்பதே கேள்வி. மண்ணுக்கடியில் கடல் நடந்த வழியைப் படம் காட்டிவிட்டது. இனித் 'தெரியாது' என்று எவரும் தப்பிக்க முடியாது. தெரிந்தும் வாளாவிருந்தவர் யார் என்பதை, நாளை கிணற்றடியில் நின்று நாவில் உப்பைச் சுவைக்கப்போகும் குழந்தை கேட்கும். அந்தக் கேள்வி வருமுன் கைப்பிடியைக் கழற்றுவோம்!